தோட்டப்பட்டண நூலகம்: தமிழ் அடுக்கு அசையவே இல்லை, எங்கிருந்து தொடங்குவது?

கீழ்ப்பேராக் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சுற்றிலும் செம்பனை (பாமாயில்) தோட்டம், நடுவில் இரண்டு வரிசைக் கடைவீடு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு தேசியப் பள்ளி. இதுதான் ஊர். இங்குள்ள பொது நூலகத்தின் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடம் 40க்கு 25 அடி. புத்தகம் சுமார் 6,000, அதில் தமிழ் 700. முழுநேர ஊழியர் ஒருவர், அரைநேரம் ஒருவர். கணினி மூன்று. காலை 9 முதல் மாலை 5 வரை திறப்பு. தாமதக் கட்டணம் புத்தகத்துக்கு நாளுக்கு 20 சென் (100 சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்). ஒருவருக்கு 4 புத்தகம், 14 நாள்.

தமிழ் அடுக்கு அப்படியே கிடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் ஒருமுறை எடுத்தால் மறுபடி தலைகாட்டுவதில்லை. மழைக்காலத்தில் புத்தகத்தில் பூஞ்சணம். கட்டுரைப் போட்டி, வாசிப்பு விழா வைத்தால் கூட்டம் வரும் என்று பலரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது என்னென்ன?

பெரட்டுமணி எழுதியது:

விழா எல்லாம் கடைசியில். முதலில் கதவில் தொங்கும் நேரப் பலகையைப் பாருங்கள்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம். வெட்டுக்காரர் வேலை முடிந்து வீடு வர மதியம் இரண்டு, மூன்று ஆகும். குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்தால் ஐந்து. அந்த நேரத்தில் நீங்கள் பூட்டுகிறீர்கள். பிள்ளைகளுக்கோ பள்ளி விட்டதும் பஸ். பஸ் நூலகத்துக்காக நிற்காது, அடுத்த வண்டியும் கிடையாது. 9 முதல் 5 என்பது அலுவலக நேரம். உங்கள் ஊரில் அந்த நேரத்தில் சும்மா இருப்பவர்கள் ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பது முதல் விதி. அதை விளக்கும்போது அவர் எடுத்துப் பேசுவது நூலகம் இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், மேசை நாற்காலி, ஊழியர் ஆகியவற்றைத்தான். விழாவைப் பற்றி அல்ல.

செய்து பார்க்க வேண்டியது: வாரத்தில் இரண்டு நாள் மட்டும், செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மதியம் 12 முதல் இரவு 8 வரை. மொத்த மணிநேரம் மாறாது, சம்பளக் கணக்கும் மாறாது. சனிக்கிழமை முழு நாள் திறந்து, திங்கள் ஓய்வு. வெள்ளிக்கிழமை 12.15 முதல் 2.45 வரை எப்படியும் இடைவேளை, அன்றைக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும்: நேரத்தை மாற்றினால் மூன்று மாதத்துக்குக் கை வைக்காதீர்கள். புது நேரம் ஊர் வாயில் ஏறவே ஒரு மாதம் ஆகும். முதல் இரண்டு வாரம் ஆளில்லை என்று பழைய நேரத்துக்குத் திரும்பினால், அதற்குப் பிறகு பலகையை யாரும் நம்ப மாட்டார்கள்.

ரவுப்பிலிருந்து எழுதியது:

மாநில நூலகக் கழகத்தின் கீழ் இருக்கும் கிளை என்றால் நேரத்தை நீங்களாக மாற்ற முடியாது அண்ணே. எழுத்தில் அனுமதி வேண்டும். கேட்கிற கடிதத்தில் 'வாசகர் விருப்பம்' என்று எழுதினால் கோப்பில் தூங்கும். நான்கு வாரத்துக்கு ஒவ்வொரு மணிக்கும் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி அட்டவணை போடுங்கள். காலை 9இலிருந்து 11 வரை காலிக் கட்டமும், பூட்டிய பிறகு கதவு வரை வந்து திரும்பியவர் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும். இரண்டாவதை எண்ண ஒரு வழி: வெளியே புத்தகம் போடும் பெட்டி வைத்தால், இரவில் எத்தனை புத்தகம் விழுகிறது என்பதே கணக்கு.

கித்தாக்காடு எழுதியது:

பிள்ளைகள் ஏன் திரும்பி வருவதில்லை என்பதற்கு அந்த 20 சென் போதும்.

கணக்குப் போடுங்கள். 4 புத்தகம், நாளுக்கு 80 சென். பள்ளி விடுமுறை, மழை, அப்பாவின் மோட்டார் பழுது என்று 45 நாள் தள்ளினால் 36 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700; 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். பாதி நாள் கூலிக்கு மேல், அதுவும் கதைப் புத்தகத்துக்கு. அந்த அம்மா புத்தகத்தையும் திருப்ப மாட்டார், பிள்ளையையும் அனுப்ப மாட்டார். நூலகத்துக்குக் கிடைத்தது என்ன? 36 வெள்ளியும் வரவில்லை, 4 புத்தகமும் போயிற்று, ஒரு வீட்டின் மூன்று வாசகரும் போயினர்.

சிக்காகோ பொது நூலகம் 2019இல் தாமதக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. பெரிய ஊர் செய்தால் நாமும் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. கட்டணம் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவரும் கருவியா, அல்லது வாசலில் நிற்கும் காவலாளியா என்று ஒரு தடவை கணக்குப் பார்க்க வேண்டும்.

பழைய பதிவேடு எழுதியது:

கித்தாக்காடு சொல்வதில் பாதிக்குத்தான் நான் ஒத்துப்போவேன்.

கட்டணத்தை எடுத்துவிட்டு வேறொன்றும் செய்யாமல் இருந்தால், எல்லாரும் கேட்கும் பத்து இருபது புத்தகம் ஒரே வீட்டில் தங்கிவிடும். 6,000 புத்தகம் உள்ள இடத்தில் அந்த இருபதுதான் நூலகமே. ஆகவே கட்டணத்தின் இடத்தில் வேறு கட்டுப்பாடு வேண்டும். தவணைக்கு மூன்று நாள் முன்பு வாட்சாப்பில் ஒரு வரி நினைவூட்டு. யாரும் காத்திருக்காத புத்தகம் என்றால் கேட்காமலே ஒருமுறை தவணை நீட்டிப்பு. தவணை தாண்டினால் புதிதாக எடுக்க முடியாது, திருப்பிய அந்த நிமிடமே மறுபடி எடுக்கலாம். 60 நாள் தாண்டினால் 'தொலைந்தது' என்று மாற்றி விலையைக் கேட்பது. புத்தகம் வந்துவிட்டால் விலை ரத்து. தொலைத்தவர் பணத்துக்குப் பதில் அதே புத்தகத்தின் வேறு படியை வாங்கித் தந்தாலும் ஏற்பது.

கட்டணத்தை எடுக்க மேலிடம் சம்மதிக்காவிட்டால் உச்சவரம்பாவது கேளுங்கள், ஒரு புத்தகத்துக்கு 2 வெள்ளிக்கு மேல் ஏறாது என்று. பழைய பாக்கியை ஒரு மாதம் தள்ளுபடி செய்யும்போது 'மன்னிப்பு மாதம்' என்று எழுதி ஒட்டாதீர்கள். குற்றவாளி போல் யார் உள்ளே வருவார்? 'புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், பணம் வேண்டாம்' என்று எழுதினால் போதும்.

இன்னொன்று, மிக முக்கியம். தவணை தாண்டியவர் பட்டியலை அறிவிப்புப் பலகையிலோ பள்ளி வாட்சாப் குழுவிலோ பெயரோடு போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது வாசகருக்கும் மேசைக்கும் இடையில் இருக்க வேண்டியது. தோட்டத்தில் ஒரு பெயர் பலகையில் ஏறினால் மாலைக்குள் எல்லா லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) தெரியும்.

கீழ்ப்பேராக் எழுதியது:

நன்றி ஐயா. உறுப்பினர் பதிவிலும் ஒரு சிக்கல். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். பாரத்தில் அடையாள எண் இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது.

கித்தாக்காடு எழுதியது:

உள்ளே உட்கார்ந்து வாசிக்க எந்தப் பத்திரமும் கேட்காதீர்கள், அது முதல் படி. இரவலுக்கு அந்தப் பிள்ளையின் பெயரில் அட்டை போட முடியாவிட்டால் நிறுவன அட்டை ஒன்று திறக்கலாம். பாலர்பள்ளி, ஆலய நிர்வாகம், தோட்டத்துப் பிரத்தியேக வகுப்பு, எதுவானாலும் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டால் 40 புத்தகம் வரை கூட்டு இரவல். உள்ளே யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அவர்கள் நோட்டுப் புத்தகத்தில். பத்திரச் சிக்கலுக்குத் தேசியப் பதிவிலாகா இருக்கிறது. அதை நம் மேசையில் விசாரிக்க வேண்டாம். பிள்ளைக்கு எதிரில் கேட்கவே வேண்டாம்.

அட்டவணைக்காரர் எழுதியது:

தமிழ் அடுக்குக்கு வருவோம். இங்குதான் நிறைய வேலை இருக்கிறது.

700 தமிழ்ப் புத்தகத்தில் நாவலும் சிறுகதையும் 400க்குக் குறையாது என்று நினைக்கிறேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டியூவி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. ஆக 400 புத்தகத்தின் முதுகிலும் ஒரே எண். அதன் கீழே ஆசிரியர் பெயரின் மூன்று எழுத்தை ரோமன் எழுத்தில் போட்டிருப்பார்கள். அதிலும் ஒருவர் தந்தை பெயரின் முதலெழுத்தைப் பிடிப்பார், இன்னொருவர் இயற்பெயரைப் பிடிப்பார். ஒரே எழுத்தாளர் மூன்று இடத்தில் கிடப்பார். தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. இயற்பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால் என்று எல்லாப் பதிவிலும் ஒரே விதி வையுங்கள். மலாய்ப் பதிவுகளில் வரும் 'அனாக் லெலாக்கி'க்கும் (இன்னாரின் மகன்) இதே விதிதான், அதற்கு முன்னால் இருப்பதே பதிவுப் பெயர். முதுகுச் சீட்டில் தமிழ் எழுத்தே போடுங்கள். தமிழ்ப் புத்தகம் தேடுபவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர்தானே.

எண் ஒன்றே என்பதால் புனைகதையைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரியுங்கள். மலேசியப் படைப்பு தனி அடுக்கு, முதுகில் 'ம'. வரலாற்று நாவல் ஒரு வண்ணம், குடும்ப நாவல் ஒரு வண்ணம், துப்பறியும் கதை ஒரு வண்ணம். நான்கு வண்ணத்துக்கு மேல் போகாதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. சமையல் 641.5இல், இந்து சமயம் 294.5இல், மலேசிய வரலாறு 959.5இல் இருப்பவற்றைத் தமிழ் என்பதற்காக ஒரே மூலையில் குவிக்க வேண்டுமா, பொருள்வாரியாக மலாய்ப் புத்தகத்தோடு கலக்க வேண்டுமா என்று எப்போதும் சண்டை வரும். சின்ன ஊரில் மொழிவாரியாக வைப்பதே நல்லது என்பது என் கட்சி. கலந்தால் 700 தமிழ்ப் புத்தகமும் 6,000க்குள் கரைந்துவிடும்.

அடுக்கை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மிச்ச இடத்தில் அட்டை முகம் தெரிய ஐந்தாறு புத்தகம் நிறுத்துங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தமிழ் அடுக்கு எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. கழிவறைப் பக்கம், கடைசி வரிசை என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கீழ்ப்பேராக் எழுதியது:

பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். கழிவறைக்கு எதிர்ப்புறம்.

விசைப்பலகை எழுதியது:

அடுக்கை முன்னால் கொண்டுவந்தாலும் கணினித் தேடலில் தமிழ் கிடைக்காவிட்டால் பாதி வேலைதான். தேடினால் 'பதிவு இல்லை' என்று வருகிறது, புத்தகமோ அடுக்கில் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

பழைய பதிவுகளைத் தட்டியவர் யுனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியிருப்பார். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும், மற்றதில் குப்பை. அவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு மாற்றியே ஆக வேண்டும். அடுத்தது, 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன் கொம்பும் பின் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடும் இயந்திரத்துக்கு வேறு வேறு. 'ஸ்ரீ'க்கும் இரண்டு குறியீட்டு வரிசை உண்டு. 'ஔ' வருமிடத்தில் 'ஒ' தட்டி 'ள' தட்டுபவர் ஏராளம். 'ஔவையார்' என்று தேடிப் பாருங்கள், பிறகு 'ஒ', 'ள' தட்டித் தேடுங்கள். எண்ணிக்கை மாறினால் உங்கள் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது.

பதிவை மார்க் 21 என்னும் நூலகப் பதிவு வடிவில் வைத்திருந்தால் ரோமன் எழுத்துத் தலைப்பு 245ஆம் புலத்தில், தமிழ் எழுத்து வடிவம் 880இல் இருக்கும். பதிவில் 880 இருந்தும் தேடல் அதைப் பார்க்காமல் அமைத்திருப்பார்கள். மாநிலத் தலைமையகத்தில் கணினிப் பிரிவை அதைக் கேளுங்கள். ரோமன் எழுத்தில் தேடுபவர்களுக்காக, ழகரத்தையும் சகரத்தையும் மக்கள் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அந்த வடிவங்களை 246இல் கூடுதல் தலைப்பாகச் சேர்த்துவிடுங்கள். 700 தலைப்புக்கு நாளுக்கு 15 என்றால் ஒரு காலாண்டுக்குள் முடியும் வேலை.

ரவுப்பிலிருந்து எழுதியது:

சங்கம், ஆலயம் நடத்தும் தனி நூலகமாக இருந்தால் இதெல்லாம் இன்னும் சுலபம். கோகா என்னும் நூலக மென்பொருள் இலவசம், யுனிகோடு தமிழைச் சரியாகத் தாங்கும், ஆனால் நிறுவ லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். இந்தோனேசியாவில் உருவான ஸ்லிம்ஸ் அதைவிட எளிது, முகப்பு மலாய்க்கு நெருக்கமான இந்தோனேசிய மொழியில் இருப்பதால் நம் ஊழியர்களுக்குப் பழக்கப்படுத்த வேண்டியதில்லை. மாநிலக் கிளை என்றால் தனியாக எதையும் நிறுவாதீர்கள், இரண்டு பட்டியல் ஆகிவிடும்.

தமிழ்டீச்சர் எழுதியது:

புத்தகத் தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லையே.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு மட்டும் எடுக்கும் பிள்ளைகளும் ஒரே வயதில் ஒரே நிலையில் வாசிப்பதில்லை. வயதை வைத்துப் பிரித்தால் இரண்டாம் வகை பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடும். வாசிப்பு நிலையை வைத்துப் பொட்டு ஒட்டுங்கள்: பக்கத்துக்கு ஒரு வாக்கியம், பக்கத்துக்கு ஒரு பத்தி, அத்தியாயக் கதை. அட்டையில் 'ஆண்டு 1' என்று எழுத வேண்டாம். எளிய தமிழ் தேடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பேசுவார்கள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அவர்களைச் சிறுவர் பகுதிக்கு அனுப்பாமல், பெரிய எழுத்தில் அச்சான சின்னப் புத்தகங்களைப் பெரியவர் பகுதியிலேயே ஓரிடத்தில் வையுங்கள்.

நாளிதழை விட்டுவிடாதீர்கள். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் என்று வருவதில் குறைந்தது இரண்டு இதழ் காலை முதலே மேசையில் இருக்க வேண்டும். ஒரு பிரதியை ஒரு நாளில் எத்தனை பேர் தொடுகிறார் என்று எண்ணினால் வேறெந்தப் புத்தகமும் அதை நெருங்காது. வயதானவர்கள் பேப்பருக்காக வருவார்கள், கூடவே பேரப்பிள்ளை வரும்.

பயிற்சி நூல் நன்கொடையைக் கண்டு மயங்காதீர்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் போய்விட்டது, மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022இல். அந்தத் தேர்வுகளுக்கான பயிற்சித்தாள் இன்னும் அடுக்கில் இருந்தால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டுக்கும் நடப்புப் பாடநூலின் இரண்டு படிகளை இரவல் தராமல் உள்ளேயே வைத்திருங்கள்.

பழைய பதிவேடு எழுதியது:

டீச்சர் சொன்னதும் களையெடுப்பு, அதாவது பயன்படாத புத்தகத்தை அடுக்கிலிருந்து நீக்குவது, நினைவுக்கு வருகிறது. வழக்கமான அளவுகோல், வெளியாகி 8 ஆண்டுக்கு மேல், கடைசியாக இரவல் போய் 3 ஆண்டுக்கு மேல் ஆனவற்றைக் கையிலெடுத்துப் பார்ப்பது. மருத்துவத்துக்கு 5 ஆண்டு, கணினிக்கு 3. கையிலெடுத்துப் பார்ப்பது என்றுதான் சொன்னேன், தூக்கிப் போடுவது என்று அல்ல. தமிழ் அடுக்கில் இந்த மூன்றாண்டுக் கணக்கு முழுதாகப் பொய் சொல்லும். கழிவறைப் பக்கம் ஒளித்து வைத்த புத்தகம் இரவல் போகாதது புத்தகத்தின் குற்றம் அல்லவே. முதலில் இடம் மாற்றுங்கள், முகம் காட்டி வையுங்கள், ஓராண்டு கழித்துக் கணக்குப் பாருங்கள்.

அரசுச் சொத்து என்பதால் பெலுப்புசான் (சொத்து நீக்க) அனுமதி எழுத்தில் வராமல் ஒரு புத்தகத்தையும் வெளியேற்றக் கூடாது. பழைய இரும்புக்காரரிடம் நூலகச் சாப்பு (முத்திரை) குத்திய புத்தகம் போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அனுமதி வந்ததும் 'நீக்கப்பட்டது' சாப்பு, பதிவேட்டில் தேதி, கணினிப் பதிவில் மாற்றம், மூன்றும் ஒரே நாளில்.

எந்த அளவுகோலுக்கும் உட்படாத ஒரு கூட்டம் உண்டு: ஆலயக் கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், சங்க ஆண்டறிக்கை, தோட்டத்து இளைஞர் மன்றக் கையெழுத்து இதழ். பார்க்க அழுக்காக இருக்கும், முதுகெலும்பே இருக்காது, இரவல் கணக்கு பூஜ்யம். கித்தா (ரப்பர்) தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டும், செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியும் எத்தனையோ பெயர்கள் வரைபடத்தில் இல்லாமல் போயின. அந்தத் தோட்டத்தில் எத்தனை லயம், முதல் கங்காணி யார், பள்ளி எப்போது தொடங்கியது என்பதெல்லாம் அச்சில் இருப்பது இந்த மலர்களில் மட்டும்தான். நன்கொடைப் பெட்டியில் ஒன்று வந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். படுக்கை வாக்கில், அமிலமற்ற காகித உறையில், இரவல் கிடையாது. லேமினேஷன் செய்யவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. 400 டிபிஐயில் நகலெடுத்து, வாசகருக்கு நகலைக் கொடுங்கள். 1986ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி உள்நாட்டில் அச்சாகும் நூலுக்கு ஐந்து படி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் ஆலய மலர் அடிப்பவர்கள் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. ஆகவே உங்களிடம் இருப்பது ஒரே படியாக இருக்கக்கூடும் என்று எண்ணியே கையாளுங்கள்.

செம்பனைச்சாலை எழுதியது:

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கம் இரண்டு பெட்டி மலர் இருக்கிறது, பூஞ்சணம் பிடித்து. அதற்கு என்ன வைத்தியம்?

ஈரமானி எழுதியது:

பூஞ்சணத்துக்கு வைத்தியம் பார்ப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஈரப்பதமானி சின்னதாக ஒன்று வாங்கி, நடுக்கூடத்தில் அல்ல, வெளிச்சுவரை ஒட்டிய அடுக்கின் கீழ்த்தட்டில் வையுங்கள். 60 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும்.

பெரும்பாலான சிறு நூலகங்களில் தவறு ஏர்கோன் போடும் முறையில். பகல் முழுதும் 20 பாகையில் குளிரவைத்து, மாலை அணைத்து, காலையில் ஜன்னலைத் திறப்பார்கள். வெளியே 30 பாகை, 80 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. அதைவிடக் குளிர்ந்த சுவரிலும் அட்டையிலும் பட்டவுடன் நீர் கோக்கும். ஆகவே 24க்குக் கீழே இறக்காதீர்கள், உலர் முறை இருந்தால் அதைப் போடுங்கள், காலை ஜன்னல் திறக்கும் வழக்கத்தை விடுங்கள். மின்விசிறி இரவிலும் மெதுவாக ஓடட்டும். ஈரநீக்கி கருவி வாங்கினால் தொட்டியைக் காலி செய்ய வார இறுதியில் ஆளிருக்காது, குழாய் பொருத்தி வடிகாலில் விடுங்கள். சிலிக்கா மணிப் பொட்டலம் மூடிய பெட்டிக்குத்தான் உதவும். திறந்த கூடத்தில் பத்துக் கிலோ வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே 5 சென்டிமீட்டராவது இடைவெளி. கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில்.

பூஞ்சணம் பிடித்ததை உடனே துடைத்தால் ஈரத்தோடு இழுபட்டுத் தாளுக்குள் இறங்கும். முதலில் வெளியே நிழலில், காற்றில் உலர விடுங்கள். தூளாகக் காய்ந்த பிறகு என்95 முகக்கவசம் போட்டு, மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தட்டுங்கள். வழவழப்பான அட்டையை மட்டும் 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம், மை கரைகிறதா என்று மூலையில் சோதித்துவிட்டு. உச்சி வெயிலில் காயவைத்தால் தாள் வளையும், மை வெளுக்கும்.

நன்கொடைப் புத்தகம் எதுவானாலும் நேராக அடுக்குக்குப் போகக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் தனியே. இராமபாணப் பூச்சியோ துளைப் புழுவோ இருந்தால் பையோடு உறைபெட்டியில், கழித்தல் 18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுதும் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் அட்டையெல்லாம் வியர்த்துவிடும். பாச்சை உருண்டை வேண்டாம், வாசகருக்குத் தலைவலி. ஓலைச்சுவடிக்கு வேப்பிலையும் வசம்பும் வைத்த மரபைச் சொல்லிச் சிலர் இலையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சரியாகக் காயாத இலை தாளுக்கு ஈரத்தையும் பூச்சியையும்தான் கொண்டுவரும்.

கூரை ஒழுகி நனைந்தது என்றால் 48 மணிநேரம்தான் கையில். தாள்களுக்கு நடுவே சமையலறைக் காகிதச் சுருளை வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். அதிகமாக இருந்தால் உடனே உறையவைத்துவிட்டு, சிறுகச் சிறுக எடுத்து உலர்த்தலாம். பளபளப்புத் தாள் புத்தகத்துக்கு முன்னுரிமை, அது ஒட்டிக்கொண்டால் கல்தான்.

தையல்ஊசி எழுதியது:

பூச்சியைவிட அதிகப் புத்தகத்தைக் கொல்வது செல்லோடேப். பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். அமிலமில்லாத பி.வி.ஏ. வெள்ளைப் பசையும் ஒரு சின்னத் தூரிகையும் போதும். ஒரு தாள் கழன்றால் உள் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் பசை, இடத்தில் பொருத்தி, இருபுறமும் மெழுகுத்தாள், மேலே பாரம், ஓர் இரவு.

தமிழ்நாட்டிலிருந்து வரும் மெல்லட்டை நாவல்கள் பல வெறும் பசைக்கட்டு. முதல் வாசகர் நடுவில் விரித்து அழுத்தினால் முதுகு வெடிக்கும். புதுப் புத்தகத்தை அடுக்கில் வைக்கும் முன் முதுகை மேசையில் நிறுத்தி, முன்பக்கம் பத்துத் தாள், பின்பக்கம் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி மெதுவாக அழுத்தி நடு வரை வாருங்கள். இரண்டு நிமிட வேலை.

முதுகுச் சீட்டை முதுகின் அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். முதுகு 5 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் முன்னட்டையின் இடது கீழ் மூலையில்.

கீழ்ப்பேராக் எழுதியது:

சிறுவர் கதைகள் எல்லாம் 16, 24 பக்கம், நடுவில் பின் அடித்தவை. பின் துருப்பிடித்துத் தாளைக் கிழிக்கிறது. கூட்டு இரவல் பெட்டிக்கு அவற்றைத்தான் அனுப்ப நினைக்கிறேன்.

இன்னொன்று. கணினிக்கு வருபவர்களில் பாதிப்பேர் புத்தகத்துக்கு வருவதில்லை. எஸ்.டி.ஆர். (அரசு உதவித்தொகை) விண்ணப்பம், சேமநிதிக் கணக்கு, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி). 'கிராணி, நீங்களே நிரப்பிக் கொடுங்க' என்கிறார்கள் (எழுத்தரைத் தோட்டத்தில் அழைக்கும் பெயர் கிராணி). செய்யலாமா?

பெரட்டுமணி எழுதியது:

அவர்களும் வாசகர்கள்தான். பாரத்துக்கு வந்தவரை நல்லபடி அனுப்பினால் அடுத்த முறை பேப்பர் படிக்க உட்காருவார். ஆனால் கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் டிஏசி எண்ணும் (ஒருமுறைக் கடவு எண்) உங்கள் கைக்கு வரக் கூடாது. பக்கத்தில் நின்று 'இங்கே அழுத்துங்கள், இதில் உங்கள் எண்' என்று காட்டுங்கள், விசைப்பலகையில் அவர் விரல். படிக்க முடியாதவருக்குத் திரையை வாசித்துச் சொல்லுங்கள். என்ன எழுதுவது என்பது அவர் முடிவு. கைப்பேசி எண் மாறி டிஏசி வராமல் தவிப்பவர்தான் அதிகம். அதற்கு நூலகத்தில் வழியில்லை, அடையாள அட்டையான மைகார்டோடு சேமநிதி அலுவலகத்துக்கே போகச் சொல்லுங்கள். அரை நாள் திரையோடு மல்லுக்கட்ட விடாதீர்கள். கணினியில் விருந்தினர் கணக்கு மட்டும், வெளியேறியதும் எல்லாம் அழியும்படி. அச்சுத்தட்டில் விட்டுப்போன சம்பளச் சீட்டு, மைகார்டு நகல் ஆகியவற்றை மாலையில் கிழித்துப் போடுங்கள்.

கித்தாக்காடு எழுதியது:

பெட்டி விஷயம்: மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, நிரம்பிய எடை 10 கிலோவுக்குள். அதற்கு மேல் போனால் மோட்டாரில் கட்டிக்கொண்டு போக முடியாது. மெல்லிய கதைப் புத்தகம் 40 தாராளமாக அடங்கும். பட்டியலை மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இருவரும் சேர்ந்து எண்ண வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்று. 40இல் இரண்டு மூன்று காணாமல் போகும். அதை வாங்கும்போதே செலவில் எழுதிவிடுங்கள், பொறுப்பாளரிடம் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை பெட்டியைத் திறக்காமலே பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருவார்.

தையல்ஊசி எழுதியது:

பின் அடித்தவற்றுக்குத் தையல்தான். பின்னை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுங்கள், இழுக்காதீர்கள். நடு மடிப்பில் மூன்று துளை: சரி நடுவில் ஒன்று, மேல் கீழ் ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. நூல் புத்தக உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு, தடித்த பருத்தி நூல், மெழுகில் ஒருமுறை இழுத்தது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு முனையும் உள்ளே ஓடும் நீள நூலின் இருபுறமும் இருக்க வேண்டும், அதைச் சேர்த்துப் பிடித்து முடிச்சு. ஒரே பக்கத்தில் இருந்தால் முடிச்சு துளை வழியே நழுவிவிடும். முனையை ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

கீழ்ப்பேராக் எழுதியது:

நைலான் நூல் ஆகாதா அக்கா? இங்கே கடையில் அதுதான் கிடைக்கிறது.

தையல்ஊசி எழுதியது:

ஆகாது தம்பி. வழுக்கி முடிச்சு அவிழும், இறுக்கினால் தாளை அறுக்கும். பூக்கட்டும் நூலை மூன்றாக முறுக்கி மெழுகு போடுங்கள், ஆலயத்துக்கு எதிரில் இருக்கும் பூக்கடையில் உருண்டையாகவே தருவார்கள்.